டி750-க்கு அடுத்த பாடி எது? பதில் லென்ஸின் பின்பக்கத்தில் இருக்கிறது

நிக்கான் டி750 கேமரா வந்தது 2014-இல். பத்து ஆண்டு கடந்தும் கல்யாண மண்டபங்களில் அது இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. நிறுவனம் அதன் ஷட்டரைச் சோதித்தது 1,50,000 தடவைக்கு. ஒரு முகூர்த்தத்துக்கு 2,000 ஃபிரேம் தட்டுகிறவருக்கு 75 கல்யாணத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். தீர்ந்த மறுநாளே ஷட்டர் நின்றுவிடாது. ஆனால் தாலி கட்டும் நேரத்தில் நிற்குமோ என்ற பயத்தோடு தொழில் செய்ய முடியாது.

டி750 வைத்திருப்பவர் மாற்ற நினைத்தால், நிக்கானிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டால், நான்கு பாடிகள் (லென்ஸ் இல்லாத கேமரா) முன்னால் நிற்கும். கண்ணாடி உள்ள எஸ்எல்ஆர் வகையில் டி850 (2017), டி780 (2020). கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையில் இசட்6-3 (2024), இசட்5-2 (2025). கடைசி இரண்டையும் கடையில் ‘இசட் சிக்ஸ் த்ரீ’, ‘இசட் ஃபைவ் டூ’ என்று கேட்க வேண்டும். வெறும் ‘இசட் ஃபைவ்’ என்றால் 2020-இல் வந்த முதல் பதிப்பை எடுத்து நீட்டிவிடுவார்கள். அது வேறு கேமரா, ஃபோகஸில் பல படி பின்னால் இருப்பது. அறிமுகமான நாளில் அமெரிக்காவில் டி850 ஏறத்தாழ 3,300 டாலர், இசட்6-3 2,500, டி780 2,300, இசட்5-2 1,700. டி750-ம் அன்று 2,300 டாலருக்குத்தான் வந்தது. எஸ்எல்ஆர்கள் இரண்டையும் இப்போது பெரும்பாலும் பழைய சந்தையில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். படத்தின் தரத்துக்காக டி750-ஐ மாற்றுவது வீண் செலவு. ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு) 100-இல் அதன் ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் தரும் மூலப் படத்தில்) நிழலைத் தூக்கினால், அதாவது இருண்ட பகுதியை வெளிச்சமாக்கினால், கிடைக்கும் விவரம் இன்றைய 24 மெகாபிக்சல் பாடிகளுக்கு ஈடாகவே இருக்கும். ஐஎஸ்ஓ 6400-இல் புதியவை சற்று முன்னே நிற்கும், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், நால்வரில் வேகமான சென்சார் உள்ள இசட்6-3 குறைந்த ஐஎஸ்ஓவில் நிழலைத் தூக்கும்போது இசட்5-2-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாகவே புள்ளியடிக்கும். அதன் சென்சாரை வேகத்துக்காக வேறு விதமாகக் கட்டியிருக்கிறார்கள், அதற்குக் கொடுத்த விலை இது. ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டிவிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தரத்தில் உண்மையாகவே ஒரு படி மேலே போவது டி850 மட்டும்: 45.7 மெகாபிக்சல், அடிப்படை ஐஎஸ்ஓ 64.

பிறகு எதற்காக மாற்றுவது? ஃபோகஸுக்காக, ஷட்டரின் ஆயுளுக்காக, வீடியோவுக்காக. டி750-இன் ஷட்டர் 1/4000 நொடியில் நின்றுவிடும் என்ற சின்னக் குறையும் உண்டு. உச்சி வெயிலில், கோயில் வெளிப்பிரகாரத்தில், 85 எம்எம் லென்ஸை எஃப்/1.8-இல் திறந்தால் ஐஎஸ்ஓ 100-க்குத் தேவைப்படுவது 1/8000. டி750-இல் அந்தப் படம் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) வெளுத்துப்போகும், இல்லையென்றால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்ட வேண்டும். நான்கு புதிய பாடிகளும் 1/8000 வரை போகும்.

பையைத் திறந்து லென்ஸைத் திருப்புங்கள்

பாடியைப் பற்றிய முடிவு இங்கேதான் பாதிக்கு மேல் ஆகிவிடுகிறது. லென்ஸைக் கழற்றி அதன் பின்பக்க உலோக வளையத்தைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் நுழைகிற மாதிரி ஒரு சின்னப் பிளவு தெரிந்தால், அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவின் மோட்டார்தான் அதைத் திருப்பி ஃபோகஸ் செய்கிறது. 50 எம்எம் 1.8டி, 85 எம்எம் 1.8டி, 180 எம்எம் 2.8டி, பலர் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் 80-200 2.8டி எல்லாம் இந்த வகை. டோக்கினாவின் பழைய லென்ஸ்கள் பலவும் அப்படித்தான். பெயரில் ‘டி’ இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஏஎஃப்-எஸ் 300 எம்எம் எஃப்/4டி-யின் பெயரிலும் டி உண்டு, ஆனால் அதற்குள் மோட்டார் இருக்கிறது. பிளவு இருக்கிறதா என்பதே சோதனை.

இது ஏன் முக்கியம் என்றால், மிரர்லெஸ் பாடிக்குப் பழைய லென்ஸைப் பொருத்தும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை. பிளவுள்ள லென்ஸை அதில் மாட்டினால் மீட்டரிங் வேலை செய்யும், அபர்ச்சர் மாறும், ஆட்டோஃபோகஸ் மட்டும் வராது. கையால்தான் திருப்ப வேண்டும். டி850, டி780 இரண்டிலும் மோட்டார் உள்ளே இருப்பதால் அவற்றில் எல்லாம் பழையபடியே ஓடும். உங்கள் வருமானத்தின் பெரும்பகுதி ஒரு 80-200 2.8டி-யிலிருந்து வருகிறது என்றால், மிரர்லெஸ் பாடியின் விலையோடு ஒரு 70-200 விலையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிச் சேர்த்துப் பார்த்தால் டி780 திடீரென்று மலிவாகத் தெரியும்.

உள்ளே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்களே அதிகம் என்றால் கதை தலைகீழ். 24-120 எஃப்/4ஜி, 24-70 2.8ஜி, 70-200 2.8, 85 1.8ஜி எல்லாமே அடாப்டரில் ஒழுங்காக ஃபோகஸ் ஆகும். அதுமட்டுமா, விஆர் (லென்ஸுக்குள் இருக்கும் அசைவுத் தடுப்பு) இல்லாத 85 1.8ஜி-க்கு பாடியின் சென்சார் அசைவுத் தடுப்பும் கூடுதலாகக் கிடைக்கும். இசட் லென்ஸில் ஐந்து அச்சிலும் கிடைப்பது, அடாப்டர் வழியாக வரும் பழைய லென்ஸில் மூன்று அச்சில் கிடைக்கும். இது உங்கள் கை நடுக்கத்துக்கு மட்டும்தான். மாப்பிள்ளை கையை அசைத்தால் 1/30-இல் அந்தக் கை கலங்கித்தான் இருக்கும்.

சிக்மா, டாம்ரான் லென்ஸ்களை அடாப்டரில் மாட்டிப் பார்க்காமல் நம்ப வேண்டாம். சிலவற்றுக்கு ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும். சிக்மாவுக்கு யூஎஸ்பி டாக், டாம்ரானுக்கு டேப்-இன் கன்சோல் தேவைப்படும். கடைக்குப் போகும்போது லென்ஸைக் கையோடு கொண்டுபோய், வாங்கும் முன் தொடர் ஃபோகஸில் நூறு ஃபிரேம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

அடாப்டரில் இரண்டு பதிப்பு உண்டு. முதலாவதன் அடியில் டிரைபாட் கால் துருத்திக்கொண்டிருக்கும். சில டிரைபாட் தகடுகளோடும் கிரிப்போடும் அது இடிக்கும். எஃப்டிஇசட் 2-இல் அந்தக் கால் இல்லை, அதையே கேட்டு வாங்குங்கள். எடை 125 கிராம். மிரர்லெஸ் என்றால் பாரம் குறையும் என்பவர்கள் இந்த 125-ஐ மறந்துவிடுகிறார்கள். பேட்டரி, கார்டோடு டி750 840 கிராம், இசட்5-2 700 கிராம். அடாப்டரைச் சேர்த்தால் 825. பதினைந்து கிராம் மிச்சம்! பாரம் உண்மையில் குறைய வேண்டுமென்றால் லென்ஸையும் மாற்ற வேண்டும்.

ஏஎஃப்-எஸ் லென்ஸ் ஃபோகஸ் ஆகும்போது கீச்சென்று சத்தம் போடுகிறதா என்றும் கவனியுங்கள். உள்ளே இருக்கும் மோட்டார் தேய்ந்துவருவதன் அடையாளம் அது. சில மாதத்திலோ சில ஆண்டிலோ அது நின்றுவிடக்கூடும். அந்த லென்ஸைக் காப்பாற்றுவதற்காக எஸ்எல்ஆரிலேயே தங்க வேண்டியதில்லை.

தாலி கட்டும் நேரத்தில் ஃபோகஸ்

டி750-இன் 51 புள்ளிகளும் ஃபிரேமின் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். முகத்தை ஓரத்தில் வைத்து எடுப்பவர் நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து கேமராவைத் திருப்புவார். எஃப்/1.8-இல் அந்தத் திருப்பலிலேயே கண் விலகி, காது கூர்மையாகிவிடும். டி780-இன் வ்யூஃபைண்டரிலும் இதே 51 புள்ளிகள்தான், இந்த இடத்தில் அது பெரிய முன்னேற்றம் இல்லை. ஆனால் லைவ் வ்யூவில் அது மிரர்லெஸ் போல நடந்துகொள்ளும்: சென்சாரிலேயே 273 புள்ளிகள், கண் கண்டறிதலும் உண்டு. டி850-க்கு 153 புள்ளிகள், நடுப்புள்ளி மைனஸ் 4 இவி இருட்டு வரை பிடிக்கும். பரப்பும் டி750-ஐவிட அகலம். அதன் லைவ் வ்யூ மட்டும் மெதுவாகத் தேடித் தேடித்தான் ஃபோகஸ் ஆகும்.

எஸ்எல்ஆரின் இன்னொரு தொல்லை முன்னால் பின்னால் விழும் ஃபோகஸ். கண்ணாடி வழியாக ஒளி போகும் ஃபோகஸ் சென்சார் ஒன்று, படம் பதியும் சென்சார் வேறொன்று. இரண்டின் தூரமும் மயிரிழை மாறினால் எஃப்/1.4 படம் எல்லாம் பழுது. டி850-இல் இதைத் தானாகவே திருத்தலாம். கேமராவை டிரைபாடில் வைத்து, லென்ஸை முழுதாகத் திறந்து, லைவ் வ்யூவில் நடுப்புள்ளியால் ஃபோகஸ் செய்துவிட்டு, ஏஎஃப் மோட் பொத்தானையும் வீடியோப் பதிவுப் பொத்தானையும் சேர்த்து இரண்டு நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஜூம் லென்ஸுக்கு ஒரே ஒரு திருத்தம்தான் பதிவாகும், அதனால் அதிகம் பயன்படுத்தும் முனையில் செய்யுங்கள். மிரர்லெஸில் இந்த வேலையே இல்லை. படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது.

இசட்5-2, இசட்6-3 இரண்டிலும் எக்ஸ்பீட் 7 பிராசசர், மனிதர், விலங்கு, வாகனம் என்று பொருளை அடையாளம் காணும் வசதி, 3டி டிராக்கிங், மைனஸ் 10 இவி வரை ஃபோகஸ் எல்லாம் உண்டு. கல்யாண வேலைக்கு இசட்6-3-இன் பெரும்பாலான ஃபோகஸ் திறமை இசட்5-2-இலும் வந்துவிட்டது. விலை வித்தியாசத்தை நினைத்தால் இதுவே இந்த ஒப்பீட்டின் முக்கியமான செய்தி.

ஆனால் கேமரா கண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று கையை விட்டுவிட்டால் முகூர்த்தத்தில் ஏமாற்றும். தாலி கட்டும்போது மாப்பிள்ளை குனிந்திருப்பார், மணப்பெண்ணும் தலை கவிழ்ந்திருப்பார். இருவர் கண்ணும் தெரியாது. பின்னால் நிற்கும் நாத்தனார் கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டோ ஏரியாவில் விட்டால் ஃபோகஸ் பெட்டி அவர் முகத்துக்குத் தாவும். மேடையில் வைட்-ஏரியா எஸ் அல்லது எல் (சிறிய அல்லது பெரிய பெட்டி) வைத்து, மனித அடையாளத்தை அதற்குள் மட்டும் தேடவிடுவது பத்திரம். முன்பக்க எஃப்என் பொத்தான் ஒன்றுக்குச் சிங்கிள் பாயின்ட்டை (ஒற்றைப் புள்ளி ஃபோகஸை) ஒதுக்கி வையுங்கள். தாலி முடிச்சில் ஃபோகஸ் வேண்டிய அந்த ஐந்து நொடிக்கு அதை அழுத்திப் பிடித்தால் போதும். பூச்சரம் முகத்தை மறைக்கும் நிக்காஹ் சடங்குகளிலும் இதேதான் வழி.

சத்தமில்லாத ஷட்டர் மிரர்லெஸின் கவர்ச்சி. மண்டபத்தின் எல்இடி சுவருக்கு முன் இசட்5-2-இல் அதைப் போட்டால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். சென்சாரை வரி வரியாக வாசிக்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் விளக்கு பல தடவை அணைந்து எரிந்துவிடும். இசட்6-3-இன் சென்சார் பழைய இசட்6-2-ஐவிட மூன்றரை மடங்கு வேகமாக வாசிக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. பட்டை குறையும், அடியோடு மறையாது. செயற்கை வெளிச்சத்தில் மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப் லைட் அடியில் 1/50 அல்லது 1/100 பாதுகாப்பான வேகம்.

ஃபிளாஷில் காத்திருக்கும் செலவு

டி750-இன் தலையில் ஒரு சின்ன பாப்-அப் ஃபிளாஷ் இருக்கிறது. அதை வெளிச்சத்துக்கு யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. ஆனால் தூரத்தில் வைத்த எஸ்பி-700, எஸ்பி-910 போன்றவற்றை வயர் இல்லாமல் கட்டுப்படுத்தும் கமாண்டர் அதுதான். நான்கு புதிய பாடிகளிலும் இந்த ஃபிளாஷ் கிடையாது. அதை நம்பி இரண்டு ஃபிளாஷ் வைத்து வேலை செய்கிறவர், புதிய பாடியோடு கமாண்டராக ஒரு ஃபிளாஷையோ, எல்லா ஃபிளாஷுக்கும் ரேடியோ டிரிகரையோ வாங்க வேண்டும். கோடாக்ஸ் ரேடியோ ஃபிளாஷ் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

இன்னொன்று. பழைய எஸ்பி ஃபிளாஷ்கள் இருட்டில் வீசும் சிவப்பு ஃபோகஸ் உதவிக் கதிரை மிரர்லெஸ் பாடிகள் பயன்படுத்துவதில்லை. கேமராவின் சொந்தச் சின்ன விளக்கு மட்டும் எரியும். பெரிய லென்ஸ் ஹூட் இருந்தால் அது மறைந்துவிடும். டி850-இல் நேர்மாறு: பாடியில் உதவி விளக்கே இல்லை, ஃபிளாஷின் சிவப்புக் கதிர் வேலை செய்யும்.

ஸ்டுடியோ விளக்கோடு மிரர்லெஸை முதல் நாள் பயன்படுத்துகிறவர் வ்யூஃபைண்டர் கருப்பாக இருப்பதைப் பார்த்துப் பதறுவார். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/200 என்று வைத்தால் அறை வெளிச்சத்தில் படம் எப்படி இருக்குமோ அதையே அது காட்டுகிறது. மெனுவில் வ்யூ மோடுக்குப் போய், செட்டிங்கின் விளைவைக் காட்டுவதை விட்டு, பார்ப்பதற்கு வசதியாக மாற்றிக்கொள்வதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

கார்டு, பேட்டரி, ஹார்ட் டிஸ்க்

டி750-இன் எஸ்டி கார்டுகள் அப்படியே செல்லுபடியாவது டி780, இசட்5-2 இரண்டிலும்தான். இரண்டிலும் எஸ்டி துளை இரண்டு. டி850-க்கு ஒரு எக்ஸ்க்யூடி அல்லது சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி கார்டு வேண்டும், இசட்6-3-க்கும் ஒரு துளை அப்படித்தான். கார்டோடு ரீடரும் புதிது. இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைத்தால் வேகம் மெதுவான கார்டின் வேகமே. விலை கொடுத்து சிஎஃப்எக்ஸ்பிரஸ் போட்டுவிட்டு, இரண்டாவதில் பழைய, மெதுவான யூஎச்எஸ்-1 எஸ்டியைச் சொருகினால் போட்ட காசு பாழ்.

டி850-க்கு ஹார்ட் டிஸ்க் செலவு தனி. 14 பிட் லாஸ்லெஸ் ராவில் டி750 ஃபைல் சுமார் 28 எம்பி, டி850 ஃபைல் சுமார் 51 எம்பி. 3,000 ஃபிரேம் என்றால் 84 ஜிபி எங்கே, 153 ஜிபி எங்கே! காப்புப் பிரதியோடு அது 300-ஐத் தாண்டும். பிக்சல் நெருக்கம் என்பதால் கை நடுக்கமும் பளிச்சென்று தெரியும். டி750-இல் 85 எம்எம்முக்கு 1/100 போதுமென்றால், டி850-இல் 1/200-ஐப் பழக்கிக்கொள்ளுங்கள். ஆல்பம் 12x36 அங்குலத்தில் முடிகிறது, வாடிக்கையாளர் மீதியை வாட்ஸாப்பில் பார்க்கிறார் என்றால் 45 மெகாபிக்சல் யாருக்கு? பெரிய பிரிண்ட், விளம்பரம், பறவை எடுப்பவருக்கு அது சரி. அவர்களுக்கு டி850 இன்றும் அருமையான பாடி.

படம் திருத்தும் மென்பொருளான, சந்தா கட்டாத லைட்ரூம் 6 இன்னும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது 2017-இல் நின்றுவிட்டது. டி780, இசட் பாடிகளின் ரா ஃபைலை அது திறக்காது. நிக்கானின் இலவச என்எக்ஸ் ஸ்டுடியோவுக்கு மாறலாம், இல்லையென்றால் அடோபியின் டிஎன்ஜி கன்வர்ட்டரில் மாற்றித் திறக்கலாம்.

பேட்டரிக் கணக்கில் எஸ்எல்ஆரை யாரும் அசைக்க முடியாது. தரப்படுத்தப்பட்ட சோதனையில் ஒரு சார்ஜில் டி750 1,230 படம், டி850 1,840, டி780 2,260. மிரர்லெஸ் இரண்டும் வ்யூஃபைண்டரில் 350-க்குச் சற்று முன்னே பின்னே. தொடர்ந்து தட்டும் கல்யாண வேலையில் நிஜத்தில் இதைவிட நிறையவே வரும், என்றாலும் ஒரு முழு நாளுக்கு மூன்று ஈஎன்-ஈஎல்15சி கையில் இருக்க வேண்டும். டி750-இன் பழைய ஈஎன்-ஈஎல்15-ஐ நம்பிக் கணக்குப் போட வேண்டாம். செட்டப் மெனுவில் பேட்டரி இன்ஃபோவைத் திறந்தால் வயது 0 முதல் 4 வரை காட்டும். 3, 4 என்றால் அது ஓய்வுபெற்ற பேட்டரி. மிரர்லெஸைக் கழுத்தில் தொங்கவிட்டால் வயிறு கண்-உணரியை மறைத்து வ்யூஃபைண்டர் எரிந்துகொண்டே இருக்கும். நடுநடுவே அணைத்து வைப்பதே மிச்சம்.

இன்னொரு புதுப் பழக்கமும் வேண்டும். மிரர்லெஸில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் வெட்ட வெளியில் நிற்கும். ஹோமப் புகையும் அட்சதைத் தூசும் பறக்கும் மேடையில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஓரமாகப் போய், கேமராவை அணைத்து, அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள்.

வீடியோவைப் பற்றிச் சுருக்கமாக. டி850 4கே எடுக்கும், ஃபோகஸ் தடுமாறும். டி780, இசட்5-2 இரண்டும் 4கே 30 வரை முழு அகலத்தில் தரும். இசட்5-2-இல் 4கே 60 உண்டு, ஆனால் ஓரங்களை 1.5 மடங்கு வெட்டி. முழு அகலத்தில் 4கே 60-ம், வெட்டி 4கே 120-ம் வேண்டுமென்றால் இசட்6-3 ஒன்றுதான். வருமானத்தில் பாதி வீடியோ என்றால் அதற்குப் போங்கள், இல்லையென்றால் இசட்5-2 எடுத்துவிட்டு மிச்சப் பணத்தில் இசட் 85 1.8 எஸ் வாங்குவது கெட்டிக்காரத்தனம். பிளவுள்ள பழைய லென்ஸ்களே சொத்து என்றால் டி780. ஆனால் அதற்குச் செங்குத்துக் கிரிப் மாட்ட வழியில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பழையது வாங்கினால்

டி850-இன் ஷட்டர் 2,00,000-க்குச் சோதிக்கப்பட்டது. விற்பவர் சொல்லும் எண்ணை நம்பாமல், உங்கள் கார்டில் ஒரு படம் எடுத்து, எக்ஸிஃப் (படத்தோடு பதியும் தகவல்) காட்டும் செயலியில் ஷட்டர் கவுன்ட் பாருங்கள். எஃப்/16-இல் வெறும் வானத்தை எடுத்தால் சென்சார் கறை தெரியும். எக்ஸ்க்யூடி துளைக்குள் டார்ச் அடித்து ஊசிகள் வளைந்திருக்கின்றனவா பாருங்கள். கைப்பிடி ரப்பர் உப்பி விலகியிருந்தால் கேமரா வியர்வையிலும் ஈரத்திலும் நிறைய உழைத்திருக்கிறது என்று பொருள். ஏஎஃப் ஃபைன் ட்யூன் (ஃபோகஸ் திருத்தம்) பட்டியலைத் திறந்து பாருங்கள். எல்லா லென்ஸுக்கும் மைனஸ் 15, மைனஸ் 18 என்று பதிந்திருந்தால் பழுது லென்ஸில் இல்லை, பாடியில். அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

உங்கள் டி750-ஐ விற்பதானால் வாங்குபவர் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்குத் தயாராக இருங்கள். ஷட்டர் சரியாக இயங்காமல் படத்தின் ஒரு பகுதி நிழலடிக்கும் குறைக்காக நிக்கான் 2015-இலும் 2016-இலும் அறிவிப்பு விடுத்து இலவசமாகச் சரிசெய்தது. உங்கள் சீரியல் எண் அதில் வருகிறதா, வேலை முடிந்ததா என்பதற்குத் தாள் இருந்தால் எடுத்து வையுங்கள்.

விற்காமல் இரண்டாவது பாடியாக வைத்துக்கொள்வது பெரும்பாலும் லாபம். ஈஎன்-ஈஎல்15சி அதிலும் ஓடும். 24-120-ஐ அதில் மாட்டிக் கூட்டப் படத்துக்கு விட்டுவிடலாம். இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக வையுங்கள், இல்லையென்றால் ஆல்பம் அடுக்கும்போது தாலிக்கு முன்னால் அட்சதை வந்து நிற்கும். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் இரண்டிலும் ஒரே கெல்வின் எண்ணைக் கையால் போடுங்கள்.